பன்னிரண்டு வோல்ட் முனகல்

திருத்தணி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து சித்தூர் ரோட்டுக்குத் திரும்புகிற முனையில் கோதண்டபாணிக்கு ஒரு கடை இருந்தது. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். பள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள் விசைத்தறி மோட்டாரைச் சாக்கில் சுற்றி பஸ் மேலே போட்டுக்கொண்டு வருவார்கள். கே.ஜி.கண்டிகைப் பக்கத்திலிருந்து பம்ப்செட் மோட்டார்கள் வரும். வந்த மோட்டாரை அவர் உடனே பிரிக்க மாட்டார். ஒரு நொடி கரண்டு கொடுத்துவிட்டுக் காதைச் சாய்ப்பார். எந்த இடத்தில் சுற்று கெட்டிருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, அதன் மேல் ரேடியோ. இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டிய கம்பிதான் ஏரியல். எழுபத்தைந்தாம் வருஷம் மெட்ராஸுக்குப் போய்ப் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஹாம் ரேடியோ வைத்திருப்பவர் வியாபாரத்துக்காகப் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. தன்னைப் போல லைசென்ஸ் உள்ள இன்னொருவரோடு பேசலாம், அவ்வளவுதான். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரோடு பேசினோம், எதைக் கேட்டோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கோதண்டபாணி அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

காலையில் அவரோடு பேசுகிறவர்களில் ஒருவர் சடகோபன். மணவூர் ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். நாற்பத்தாறு வயது, பிள்ளைகள் இல்லை, சொந்த ஊர் பள்ளிப்பட்டு. ஆறு நாற்பதுக்கு ரேடியோவில் வருவார், ஆறு ஐம்பத்திரண்டுக்கு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். பன்னிரண்டு நிமிஷத்தில் அவர் பேசுவது நாலு வாக்கியம் இருக்கும். மற்ற நேரம் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய செட் சின்னது, தானே பலகையில் கட்டியது. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். முதலில் கார் பேட்டரி வைத்திருந்தார். வாரம் தவறாமல் அதை அரக்கோணம் தூக்கிப்போய் சார்ஜ் போட்டு அலுத்துப் போனவர், எழுபத்தொன்பதில் கோதண்டபாணியிடம் கேட்டார்.

"வீட்டு லைன்லயே ஓடற மாதிரி ஒரு பவர் சப்ளை கட்டிக் குடுப்பீங்களா? நைனா காலத்துப் பேட்டரி, இன்னும் எத்தினி நாளைக்குத் தூக்கிகினு அலையறது?"

கோதண்டபாணி கட்டிக் கொடுத்தார். வீட்டுக் கரண்டை டிரான்ஸ்பார்மர் குறைத்துத் தரும். குறைந்து வருவதை இரண்டு டயோடு ஒரே திசைக்குத் திருப்பும். கண்டென்சர் அதைத் தேக்கி மேடுபள்ளம் இல்லாமல் ஆக்கும். கடைசியில் ஒரு தடித்த டிரான்சிஸ்டர் சரியாகப் பன்னிரண்டு வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். டிரான்ஸ்பார்மரின் உள்சுற்று இரண்டு பாதி. இரண்டிலும் சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் பாதியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தறிக்காரர் வந்து நின்று, நாளைக்குள் மோட்டார் வேண்டும் என்று சத்தம் போட்டார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் எண்ணிக்கை மறந்துவிட்டது. உத்தேசமாக முடித்தார். அப்புறம் அளந்து பார்த்ததில் நாலு சுற்று குறைவு என்று தெரிந்தது. மறுபடி பிரிக்க நேரமில்லை. அப்படியே மூடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மணவூருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். சடகோபனின் மனைவி பத்மா இலை போட்டுச் சாப்பாடு போட்டாள்.

மறுநாள் காலையே அந்த நாலு சுற்று காதில் விழுந்தது. சடகோபன் பேசும்போது குரலுக்குப் பின்னால் மெல்லிய முனகல் ஒன்று வந்தது. எந்த மலிவுப் பவர் சப்ளையிலும் அது கொஞ்சம் இருக்கும். ஆனால் இதில் அந்த முனகலுக்கு அடியில் இன்னொரு தாழ்ந்த முனகல் ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறு எந்தப் பெட்டியும் அப்படி முனகாது என்று கோதண்டபாணிக்குத் தெரியும்.

"சார், அதைக் கொண்டாந்துடுங்க. பிரிச்சுச் சரியாக் கட்டித் தரேன்."

"இருக்கட்டும் பாணி. பின்னாடி தம்பூரா போடற மாதிரி நல்லாத்தான் இருக்குது. பத்மாவுக்கும் அந்தச் சத்தம் புடிச்சிருக்காம். அது கேட்டாதான் விடிஞ்சா மாதிரி இருக்குதாம்."

இரண்டு வருஷம் அப்படியே போனது.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆகஸ்ட் இருபத்தொன்பது, சனிக்கிழமை. ஸ்டேஷனில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த சடகோபன் எழுதிய கையோடு மேசைமேல் சாய்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. உடலைப் பள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோதண்டபாணி போயிருந்தார். மறுநாள் மத்தியானம் எரியூட்டியபோது மழைத் தூற்றல் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித்தான் சிதை பிடித்தது. அவர் கடைசி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவருக்கு அந்த ஞாபகம் தேவைப்பட்டது. தான் கண்ணால் பார்த்ததைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டி வந்தது.

செப்டம்பர் இரண்டு, புதன்கிழமை. காலையில் அவர் ரிசீவரைப் போட்டார். சடகோபனோடு பேசிவந்த அலைவரிசையில் யாரும் பேசாதபோது கடலை வறுக்கிற மாதிரி ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். ஆறு நாற்பதுக்கு அந்த இரைச்சல் சட்டென்று அடங்கியது. ரேடியோ தெரிந்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். எங்கோ ஒருவர் அனுப்பும் செட்டை ஓடவிட்டிருக்கிறார், இன்னும் பேசவில்லை. பேசாத அலை வந்ததும் இரைச்சல் விலகி ஒரு வெறுமை உண்டாகும். இருட்டான அறைக்குள் யாரோ நுழைந்து நின்றால் நமக்குத் தெரியுமே, அப்படி.

கோதண்டபாணி காத்திருந்தார். குரல் வரவில்லை. அந்த வெறுமைக்குள் மெல்ல ஒரு முனகல் கேட்டது. அதன் அடியில் இன்னொரு தாழ்ந்த முனகல்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு அது நின்றது. இரைச்சல் திரும்பி வந்தது.

நோட்டில் எழுதினார்: பெயர் தெரியாத அலை, பேச்சு இல்லை, ஆறு நாற்பது முதல் ஆறு ஐம்பத்திரண்டு வரை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

மோட்டார் கட்டுகிற ஆள் முதலில் தன் பெட்டியைத்தான் சந்தேகிப்பார். சில சமயம் வேறு யாருடைய அலையாவது நம் வீட்டு மின்கம்பியில் ஏறி, நம் பவர் சப்ளையின் டயோடுகள் வழியாக முனகலைச் சேர்த்துக்கொண்டு நம் காதுக்கே வந்துவிடும். அதனால் ஒரு லாரி பேட்டரியை இரவல் வாங்கி வந்து, வீட்டு மெயினையே அணைத்துவிட்டு, பேட்டரியில் ரிசீவரை ஓட்டினார். ஆறு நாற்பதுக்கு இரைச்சல் அடங்கியது. முனகல் வந்தது. ஏரியல் கம்பியைக் கழற்றினார், போய்விட்டது. மாட்டினார், வந்தது. வெளியிலிருந்துதான் வருகிறது. அதற்குமேல் சோதிக்க ஒன்றும் இல்லை.

அவர் மனைவி வள்ளிநாயகி காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். அவளுக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"யார் அது?" என்றாள்.

"யாரும் பேசலையே."

"பேசலைன்னு தெரியுது. யாரோ மூச்சை அடக்கிகினு உக்காந்துகினு இருக்கா மாதிரி இருக்குதே."

அன்றைக்கே அவள் மலையேறி விபூதி வாங்கி வந்து ரிசீவர் மேல் பூசினாள். அவர் துடைக்கவில்லை.

மூன்றாவது வாரம் சித்தூரிலிருந்து பேசுகிற ஒரு ஹாம்காரர், "அலையைப் போட்டுட்டுப் பேசாம இருக்கறது யாருங்க? பேசுங்க, இல்லாட்டி விலகுங்க" என்று அதட்டினார். பதில் இல்லை. சித்தூர்க்காரர் அதட்டியதில் கோதண்டபாணிக்கு ஒரு விதத்தில் நிம்மதி. தன் காதில் கோளாறு இல்லை. ஆனால் அன்றிலிருந்து பயம் கூடியது. தன் காதில் கோளாறு இல்லையென்றால் இது என்ன?

சடகோபன் செத்துவிட்டார். அவர் பெட்டி ஓடுகிறது. அதுவும் அவருடைய நேரத்துக்கு, அவர் இருக்கிற நிமிஷக் கணக்குக்கு. பத்மாவுக்கு ஒரு கடிதம் போடலாம் என்று இரண்டு முறை கார்டு எடுத்தார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் இதை எப்படிக் கேட்பது? எழுதாமல் வைத்துவிட்டார். கடையில் ஏதாவது மோட்டாருக்குக் கரண்டு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். காதைச் சாய்க்க மனம் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரத்திலிருந்து ஒரு மாற்றம் தெரிந்தது. அலை ஆறு நாற்பதுக்கு வரவில்லை. ஒருநாள் ஆறரைக்கு வந்தது, ஒருநாள் ஏழுக்கு வந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் நிற்காமல் முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் ஓடியது. நேரம் தவறுவது மனுஷ வழக்கம். அதனால் அவருக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது. யாரோ ஆள்தான் என்று வள்ளிநாயகியிடம் சொன்னார்.

நவம்பர் இருபத்தாறாம் தேதி காலை, மழை இருட்டு. ஆறே முக்காலுக்கு அலை வந்தது. வழக்கமான முனகல். ஏழு மணி சுமாருக்கு நடுவில் ஒரு கணம் விக்கல் மாதிரி தடைப்பட்டது. மறுபடி வந்தபோது மேல் முனகல் போய்விட்டிருந்தது. தாழ்ந்தது மட்டும் மிச்சம். அது முன்னைவிடக் கனமாக, உறுமல் போல வந்தது.

கேட்ட மாத்திரத்தில் அவர் எழுந்து நின்றுவிட்டார். இதுவரை அவரை உட்கார வைத்திருந்த பயம் ஒரு நொடியில் போனது. இரண்டு டயோடில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இனி டிரான்ஸ்பார்மரின் ஒரு பாதிதான் முழுச் சுமையையும் இழுக்கும். இரும்புத் தகடுகள் சூடேறும், சுற்றின் மேல் உள்ள காகிதம் கருகும். ஃப்யூஸ் போகிற அளவுக்குக் கரண்டு ஏறாது. அதனால் நிற்கவும் நிற்காது. உள்ளுக்குள்ளேயே வெந்து தீப்பிடிக்கும். ஆவிக்கு டயோடு விட்டுப்போகாது. அது நிஜப் பெட்டி, நிஜ வீட்டில் இருக்கிறது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்.

டயோடு இரண்டு, சால்டரிங் கோல், குறடு இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். அரக்கோணத்தில் வண்டி மாறி மணவூரில் இறங்கியபோது மணி ஒன்பதே கால். மழை விட்டிருந்தது. சடகோபன் வீட்டுத் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. ரேடியோ இல்லாமல், வெறும் காதுக்கே. ரேடியோவில் கேட்ட அதே உறுமல். கூடவே வார்னிஷ் கருகுகிற வாசனை. அந்த வாசனையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர்.

கதவு தாழிடாமல் இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மேசை ஓரத்தில் பத்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை மேசைக்காலில் சாய்ந்திருந்தது. ஒரு கை மேலே நீண்டு பவர் சப்ளைப் பெட்டிமேல் இருந்தது. பெட்டிக்குப் போர்த்தியிருந்த துணி ஒரு மூலையில் பழுப்பேறி மெல்லிய புகை விட்டுக்கொண்டிருந்தது. அவள் கண் திறந்துதான் இருந்தது.

அவர் பிளக்கைப் பிடுங்கினார். வீடு சட்டென்று அமைதியானது.

"ஏண்ணா நிறுத்திட்டீங்க?" என்றாள். அவர் எப்படி வந்தார், ஏன் வந்தார் என்று கேட்கவில்லை.

"கையை எடும்மா. சுடல?"

உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் அதை இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இன்னிக்குச் சத்தம் பெருசா வந்துதுண்ணா. என்னைக்கும் இல்லாத மாதிரி. அணைக்க மனசு வரல."

கோதண்டபாணி தண்ணீர் கொண்டுவந்து அவள் கையை நனைக்கச் சொன்னார். பிறகு செட்டைப் பார்த்தார். மைக் இல்லை. சடகோபன் தினமும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். ஆனால் செட்டின் முன்பக்கத்தில் இருந்த பொத்தான் 'பேச' என்ற பக்கமே தள்ளியிருந்தது. கடைசி நாள் அவசரத்தில் அதைத் திருப்பாமல், பெட்டியை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இதை இன்னாத்துக்கும்மா போடறீங்க?"

"சத்தத்துக்குத்தான்."

"வேற எதுக்கும் இல்லையா?"

"எனக்கு இன்னா தெரியும்? காலையில அடுப்பு பத்த வெக்கும்போது இது முனகிகினு இருக்கும். அவர் இங்க உக்காந்துகினு இருப்பார். அது இல்லாம வீட்டுல நிக்க முடியல. அதனால சுவிச்சைப் போட்டுட்டு வேலை பாப்பேன்."

பெட்டி ஓடும்போதெல்லாம் செட்டும் ஓடியது, ஏரியல் வழியாக அந்த முனகல் திருத்தணி வரைக்கும், சித்தூர் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. கோதண்டபாணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று மாசமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது. பெட்டியைத் திறந்தார். ஒரு டயோடின் காலில் பற்றவைப்பு விட்டிருந்தது. டிரான்ஸ்பார்மர் காகிதம் பாதி கருகியிருந்தது.

"இதைக் கொண்டுபோய்ப் புதுசாச் சுத்தணும். மூணு நாள் ஆவும்."

"சுத்தினா சத்தம் நின்னுடுமா?"

"சுத்தமா நின்னுடும். ஒழுங்கா எண்ணி, நல்லா வார்னிஷ்ல முக்கிட்டா மூச்சு கூட விடாது."

"அப்ப வேணாண்ணா. இப்படியே குடுத்துடுங்க."

"இப்படியே குடுத்தா வீடு எரிஞ்சுடும்மா."

அவள் ஈரக் கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"பள்ளிப்பட்டுல இருந்தப்பவும் காலையில எனக்கு இது கேட்டுதுண்ணா. பெட்டி இங்க இருக்குது, நான் அங்க இருக்கேன். ஆனாலும் கேட்டுது. எங்க அண்ணன்கிட்டச் சொன்னேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ஒரு ஆளைக் கூட்டியாந்து இதைக் கட்டிவுட்டாங்க." முழங்கைக்கு மேல் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது.

கோதண்டபாணியின் கை நின்றது.

"பள்ளிப்பட்டுல எப்ப இருந்தீங்க?"

"அவரைக் கொண்டுபோனதுலேர்ந்து அங்கதான். வீட்டைப் பூட்டிகினு போனது, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடிதான் திரும்பி வந்தேன். வந்த மறுநாள்லேர்ந்துதான் சுவிச்சைப் போட ஆரம்பிச்சேன்."

அவர் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீட்டுப் பூவம்மாள் வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்த வீடு பூட்டியிருந்தப்ப யாராவது உள்ள வந்து போனாங்களா?"

"யார் வருவாங்க? சாவி பத்மா இடுப்புலதான் இருந்துது. ஒன்றரை மாசம் நான்தான் வாசல் பெருக்கிகினு இருந்தேன். ஈ காக்கா உள்ள போவல." சொல்லிவிட்டு, நெல்லைத் துழாவுகிற கையை நிறுத்தினாள். "ஏங்க, எதனா காணலையா?"

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பிரித்தார். செப்டம்பர் இரண்டிலிருந்து அக்டோபர் பத்தொன்பது வரை. விரல் வைத்து எண்ணினார். நாற்பத்தெட்டு வரிகள். நாற்பத்தெட்டிலும் ஆறு நாற்பது, ஆறு ஐம்பத்திரண்டு. அதற்கப்புறம்தான் ஆறரை, ஏழு, ஏழே கால் என்று கலைந்த நேரங்கள். கலைந்தவை எல்லாம் பத்மா. கலையாதவை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பட்டப்பகலில், தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் வள்ளிநாயகியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை ரிசீவரைப் போட்டுவிட்டு, பிரித்துப்போட்ட டிரான்ஸ்பார்மரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு நாற்பது ஆயிற்று. இரைச்சல் அடங்கவில்லை. ஆறு ஐம்பத்திரண்டு வரை கடலை வறுகிற சத்தம்தான் கேட்டது. வராததில் தனக்கு ஆறுதலா வருத்தமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மேசையிலிருந்து எழுந்து வேலையைத் தொடங்கினார்.

மூன்று நாள் அந்தப் பெட்டியோடு இருந்தார். தடித்த கம்பி போட்டார், சூடு தாங்கும் தாள் போட்டார். இரண்டு மடங்கு பலமுள்ள டயோடுகள், டிரான்சிஸ்டருக்கு அகலமான அலுமினியத் தகடு, உள்ளே தனியாக ஒரு ஃப்யூஸ். நாளெல்லாம் ஓடினாலும் கைபொறுக்கிற சூடுதான் வரும். இரண்டாம் பாதியைச் சுற்றும்போது கடை ஷட்டரை இறக்கிவிட்டு, வாய்விட்டு எண்ணினார். எண்ணி, சரியாக நாலு சுற்று குறைத்து நிறுத்தினார். வார்னிஷ் கடைசிப் பூச்சைப் பூசவில்லை. தகடுகளை இறுக்கும் திருகாணியை அரைத் திருகு தளர்த்திவிட்டுக் கரண்டு கொடுத்தார். காதைச் சாய்த்தார். இன்னும் கால் திருகு தளர்த்தினார். அப்போது அது வந்தது. முனகல், அதன் அடியில் இன்னொன்று. வள்ளிநாயகி சமையலறையிலிருந்து, "அணைச்சுடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மணவூர் போனார். செட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து, ஏரியலையும் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்தார். லைசென்ஸ் இல்லாமல் அலை போகக் கூடாது என்று பத்மாவுக்குச் சொன்னார். கரண்டை இழுக்க ஏதாவது இருந்தால்தான் பெட்டி முனகும் என்று ஒரு சின்ன கார் பல்பை மாட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் பல்பு மஞ்சளாக எரிந்தது, முனகல் எழுந்தது. பத்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சொல்லலாமா வேண்டாமா என்று ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தார். சொல்லிவிட்டார். நோட்டையும் கொண்டு போயிருந்தார். பூட்டிய வீட்டிலிருந்து அலை வந்தது, தான் கேட்டது, சித்தூர்க்காரர் கேட்டது, தன் மனைவி கேட்டது, எல்லாவற்றையும் சொன்னார். பயந்துவிடுவாளோ என்று பார்த்தார்.

"எத்தினி நாளு?"

"நாப்பத்தெட்டு."

"எத்தினி மணிக்கு?"

"ஆறு நாப்பது."

அவள் தலையாட்டினாள். "எனக்கும் அப்பதான் கேக்கும். பள்ளிப்பட்டுல அந்நேரத்துக்குத் தறி ஓடாது." நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்ப எனக்கு மட்டும் இல்ல" என்றாள்.

இடது கையால் தாயத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகியிருந்தது. கோதண்டபாணி பையிலிருந்து கம்பி வெட்டும் குறடை எடுத்துக் கொடுத்தார். வெட்டிய கயிற்றை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் தெரிந்த தெளிவை, சடகோபன் செத்த பிறகு தான் பார்த்த முதல் நல்ல விஷயம் என்று அவர் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் அந்த அலை வரவில்லை. அவர் இரண்டு மாசம் தினமும் காத்திருந்தார். பிறகு மற்றவர்களோடு பேசத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஒயர்லெஸ் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தபோது அந்த நாற்பத்தெட்டு வரிகளில் பேனாவை நிறுத்தி, "யாருய்யா இது?" என்று கேட்டார். "தெரியலீங்க சார்" என்றார் கோதண்டபாணி. அதிகாரி அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ கேட்டார்.

மோட்டார்களுக்குக் காதைச் சாய்க்கிற பழக்கம் அவருக்குத் திரும்பி வந்தது. பவர் சப்ளைகளும் நிறையக் கட்டினார். வேலூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் ஹாம்காரர்கள் தேடி வருவார்கள். ஓடுகிறதா இல்லையா என்று கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு அமைதியான பெட்டிகள். பத்து வருஷம் ஆனாலும் கெடாது. காயில் கட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் மட்டும் கம்பியை அறுத்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவார்.

பத்மாவுக்கு எண்பத்துமூன்றில் புருஷனுடைய வேலைக்குப் பதிலாக ரயில்வேயில் இடம் கொடுத்தார்கள். அரக்கோணத்தில் டிக்கெட் கவுண்டர். மணவூர் வீட்டிலிருந்தே போய் வந்தாள். ஒருமுறை கோதண்டபாணி, "நீங்களும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கலாமேம்மா, நான் சொல்லித் தரேன்" என்றார். அவள் சிரித்தாள். "எனக்குப் பேச ஒண்ணும் இல்லண்ணா" என்றாள்.

மெட்ராஸுக்கு சாமான் வாங்கப் போகும் நாளெல்லாம் அவர் அரக்கோணத்தில் இறங்கி, அந்தக் கவுண்டரில்தான் மேற்கொண்டு டிக்கெட் எடுப்பார். திருத்தணியிலேயே நேராக எடுத்திருக்கலாம். அவள் கம்பிக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்து, "வாங்கண்ணா, அண்ணி சௌக்கியமா?" என்பாள். "ஆங், சௌக்கியம்" என்பார். பின்னால் வரிசை நிற்கும். டிக்கெட்டில் தேதி குத்துகிற சத்தம் டக்கென்று கேட்கும். அவள் சில்லறையை எண்ணாமல் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.